டெலீட் செய்யும் பேட்ச் ஃபைல் அடம்பிடித்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையோ மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீஸோ, எங்கே போனாலும் டெஸ்க்டாப்பில் ‘கிளீன்’ என்ற பெயரில் ஒரு பேட்ச் ஃபைல், அதாவது விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல், கிடக்கும். வாடிக்கையாளர் கொடுத்த ஆதார் ஸ்கேன், பாஸ்போர்ட் போட்டோ, பத்திர நகல் எல்லாம் கடை மூடும்போது அழிந்துவிட வேண்டும் என்று யாரோ தெரிந்த பையன் எழுதிக் கொடுத்தது. ஓடுகிற வரைக்கும் யாரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒருநாள் அழிய வேண்டியது அழியாமல் நிற்கும், அல்லது அழியக் கூடாதது காணாமல் போயிருக்கும், அப்போதுதான் “தம்பி, கொஞ்சம் வந்து பாரேன்” என்று போன் வரும்.

இந்த மாதிரி ஸ்கிரிப்டுகளில் ஃபைலை அழிக்கும் டெல் கட்டளையே தப்பாக வேலை செய்வது ரொம்ப அபூர்வம். ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓடியது, அதன் கண்ணுக்கு அந்த வரி என்னவாகத் தெரிந்தது, இந்த இரண்டு கேள்விக்கு விடை கிடைத்தால் முக்கால்வாசி வழக்கு முடிந்துவிடும். கீழே டெல், ஆர்டி (ஃபோல்டரை அழிப்பது), சிடி (வேறு ஃபோல்டருக்குப் போவது) என்று வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன், கீபோர்டில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்கிரிப்டின் பல்லைப் பிடுங்குங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் சரி, அசல் ஸ்கிரிப்டை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒரு காப்பி எடுத்து, அதில் ஒவ்வொரு டெல், ஆர்டி-க்கு முன்னாலும் எக்கோ (வரியைத் திரையில் காட்டும் கட்டளை) என்று சேருங்கள், முதல் வரியில் இருக்கும் எக்கோ ஆஃப்-ஐ எடுத்துவிடுங்கள். இப்போது ஓட்டினால் எதுவும் அழியாது, ஆனால் வேரியபிள் (பெயர் வைத்துச் சேமித்த மதிப்பு) எல்லாம் விரிந்து, என்ன வரி ஓடியிருக்குமோ அது திரையில் வரும். ஒரு குறை உண்டு: *.* மாதிரி நட்சத்திரம் போட்ட வரியை எக்கோ அப்படியே நட்சத்திரமாகத்தான் காட்டும், எந்தெந்த ஃபைல் என்று சொல்லாது. அதற்கு அதே பாதையை, ஃபைல்களைப் பட்டியலிடும் டிஐஆர் /எஸ் /பி கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள், சிக்கப்போகிற ஃபைல்கள் முழுப் பாதையோடு வரிசையாக வரும்.

டபுள் கிளிக் வேண்டாம். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அதற்குள்ளிருந்து ஓட்டுங்கள், பிழைச் செய்தி மறையாமல் அங்கேயே நிற்கும். ராத்திரி தானாக ஓடுகிற ஸ்கிரிப்ட் என்றால் வரியின் கடைசியில் >> போட்டு ஒரு லாக் ஃபைலின் பெயரைக் கொடுத்து, அதன் பின்னால் 2>&1 சேர்த்துவிடுங்கள். அந்த 2>&1 இல்லாவிட்டால் லாக்கில் நல்ல செய்தி மட்டும்தான் விழும், பிழை விழாது. இது ஏன் முக்கியம் என்றால், ஃபைல் கிடைக்கவில்லை, அனுமதி இல்லை என்றெல்லாம் ஆனாலும் டெல் பெரும்பாலும் எரர்லெவலை (கட்டளை தோற்றதா என்று சொல்லும் எண்) 0 என்றே விட்டுவிடும். “எரர் ஒன்றும் வரலையே” என்பதை நம்பாதீர்கள், அழித்த பிறகு இஃப் எக்ஸிஸ்ட் போட்டு ஃபைல் இன்னும் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள்.

கறுப்பு விண்டோ மின்னி மறைகிறது, எதுவும் நடக்கவில்லை

கமாண்ட் பிராம்ப்டில் ஓட்டியதும் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பிலோ வேறெங்கேயோ இருந்து காப்பி செய்த வரியில் மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கும், சிறு கோடு நீளக் கோடாக மாறியிருக்கும், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் சிஎம்டி-க்கு (கமாண்ட் பிராம்ப்டுக்கு) அது வேறு எழுத்து. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். முதல் வரியிலேயே எக்கோ-வுக்கு முன்னால் மூன்று விசித்திர எழுத்து வந்து ‘நாட் ரெகக்னைஸ்ட்’ என்றால் ஃபைல் யுடிஎஃப்-8 வித் பிஓஎம் (தொடக்கத்தில் ஒரு கூடுதல் குறியோடு) என்று சேமிக்கப்பட்டிருக்கிறது, நோட்பேடில் சேவ் ஆஸ் போய் வெறும் யுடிஎஃப்-8 அல்லது ஆன்சி தேர்ந்தெடுங்கள்.

டபுள் கிளிக் செய்தால் நோட்பேட் திறக்கிறதா? எக்ஸ்டென்ஷன் மறைந்திருப்பதால் ‘கிளீன்.பேட்’ என்று தெரிவது உண்மையில் ‘கிளீன்.பேட்.டெக்ஸ்ட்’. அப்புறம் இன்னொன்று, பேட்ச் ஃபைலுக்கே ‘ரோபோகாப்பி’ (ஃபோல்டரைக் காப்பி செய்வது) அல்லது ‘ஃபார்ஃபைல்ஸ்’ (தேதி பார்த்து ஃபைலை எடுப்பது) என்று விண்டோஸ் கட்டளையின் பெயரையே வைத்தால், உள்ளே அந்தக் கட்டளை வரும் இடத்தில் அது தன்னையே கூப்பிட்டுக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். பெயரை மாற்றுங்கள், முடிந்தது.

ஒரே வேலையை ஒவ்வொரு ஃபைலுக்கும் திரும்பச் செய்யும் ஃபார் வரியில் ‘வாஸ் அன்எக்ஸ்பெக்டட் அட் திஸ் டைம்’ என்று வந்தால் % குறியை எண்ணுங்கள். நேராகத் தட்டும்போது ஒரு %, பேட்ச் ஃபைலுக்குள் இரண்டு %%.

அழித்தது, ஆனால் வேறு இடத்தில்

இருப்பதிலேயே ஆபத்தான அறிகுறி இதுதான், இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். ஸ்கிரிப்டில் முழுப் பாதை இல்லாமல் வெறும் டெல் *.* என்று இருந்தால், எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று பார்க்காமலே “இந்தத் தெருக் குப்பையை அள்ளு” என்று ஆளை அனுப்புவது மாதிரி. அது நிற்கும் இடம் எப்படியெல்லாம் மாறும் என்று பாருங்கள்.

ஒன்று, சிடி. சி டிரைவில் நிற்கும்போது சிடி டி:\ஸ்கேன் என்று எழுதினால் டி டிரைவுக்குப் போகாது, எந்தப் பிழையும் காட்டாது, சி டிரைவிலேயே நிற்கும். அடுத்த வரியில் டெல் *.* இருந்தால் எங்கே விழும் என்று சொல்லவேண்டியதில்லை. டிரைவையும் மாற்ற /டி வேண்டும். அதுவும் போதாது, அந்த ஃபோல்டரே இல்லாமல் போயிருந்தால்? எனவே எப்போதும் சிடி /டி "டி:\ஸ்கேன்" || எக்ஸிட் /பி 1 என்று எழுதுங்கள், போக முடியவில்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். சாதாரணமாக டபுள் கிளிக் செய்தால் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே ஓடும், ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் விண்டோஸுக்குள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓடும். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஸ்டார்ட் இன் கட்டத்தை வெறுமையாக விட்டாலும் அதே கதை. அட்மின் உரிமையோடு சிஸ்டம்32-இல் நின்று டெல் *.* என்றால் விண்டோஸையே மறுபடி போட வேண்டிய நிலை வரலாம். ஸ்கிரிப்டின் முதல் வேலையாக சிடி /டி "%~டிபி0" என்று வைத்தால் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கே போய்விடும். அதைவிடவும் நல்லது, டெல் வரியிலேயே முழுப் பாதையையும் எழுதிவிடுவது.

மூன்று, செட் வரியில் ஒரு ஸ்பேஸ். செட் போல்டர் = டி:\ஸ்கேன் என்று சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு எழுதினால், ‘போல்டர்’ என்ற வேரியபிள் உருவாகாது, கடைசியில் ஒரு ஸ்பேஸோடு இருக்கும் ‘போல்டர் ’ என்ற வேறொன்று உருவாகும். பின்னால் %போல்டர்% என்று கேட்டால் ஒன்றுமில்லாத வெறுமை வரும், டெல் /எஸ் /க்யூ %போல்டர்%\*.* என்ற வரி டெல் /எஸ் /க்யூ \*.* என்று சுருங்கிப்போகும், அதாவது நிற்கும் டிரைவின் வேரிலிருந்து எல்லா சப்ஃபோல்டருக்குள்ளும் கேள்வி கேட்காமல் அழி என்று அர்த்தம். செட் "போல்டர்=டி:\ஸ்கேன்" என்று மொத்தத்தையும் மேற்கோளுக்குள் ஒட்டி எழுதுங்கள், அதற்குக் கீழேயே இஃப் நாட் டிஃபைன்ட் போல்டர் எக்ஸிட் /பி 1 என்று ஒரு காவல் வரி. இந்த ஒரு வரி இல்லாத ஸ்கிரிப்டை நான் கடைகளில் ஓட விடுவதே இல்லை.

நான்கு, பாதையில் ஸ்பேஸ். டெல் டி:\பழைய ஸ்கேன்\*.* என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் சிஎம்டி அதை இரண்டாக வெட்டிவிடும்: டி:\பழைய என்று ஒன்று, ஸ்கேன்\*.* என்று இன்னொன்று. டி டிரைவில் உண்மையிலேயே ‘பழைய’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதிலிருக்கும் ஃபைல்கள் காலி. பார்ட்னர்ஷிப் கணக்குகளில் வரும் & குறிக்கும் இதே பாடுதான், ‘முருகன் & சன்ஸ்’ என்று ஃபோல்டர் பெயர் இருந்து மேற்கோள் இல்லையென்றால் & வரைக்கும் ஒரு கட்டளை, அதற்குப் பின்னால் வேறு கட்டளை.

ஐந்து, நெட்வொர்க். சர்வரில் ஷேர் செய்த ஃபோல்டரிலிருந்து பேட்ச் ஃபைலை டபுள் கிளிக் செய்தால், யுஎன்சி பாதையை (\\ போட்டு சர்வர் பெயரோடு தொடங்கும் நெட்வொர்க் பாதை) ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு சிஎம்டி விண்டோஸ் ஃபோல்டருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் ஸ்கிரிப்ட் நிற்காமல் தொடர்ந்து ஓடும். சிடி-க்குப் பதில் புஷ்டி போடுங்கள், அது இசட்-இலிருந்து பின்னோக்கித் தேடி காலியாக இருக்கும் டிரைவ் எழுத்தைத் தற்காலிகமாகக் கொடுத்து உள்ளே போகும், வேலை முடிந்ததும் வெளியே வர பாப்டி.

இத்தனைக்கும் சேர்த்து நான் வைக்கிற ஒரு ஏற்பாடு உண்டு. அழிக்க வேண்டிய ஃபோல்டருக்குள் ஒரு அடையாள ஃபைலைப் போட்டு, அட்ரிப் +ஹெச் கொடுத்து மறைத்துவிடுவேன், அந்த ஃபைல் இருந்தால் மட்டும்தான் ஸ்கிரிப்ட் மேலே போகும். டெல் தானாக மறைந்த ஃபைலைத் தொடாது என்பதால் அடையாளம் தினமும் தப்பிக்கும். ஆர்டி /எஸ் பயன்படுத்தினால் இது செல்லாது, அது எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும்.

ஃபைல் போய்விட்டது, ஃபோல்டர் அப்படியே நிற்கிறது

டெல் ஃபைலை மட்டும்தான் அழிக்கும். /எஸ் கொடுத்தாலும் சப்ஃபோல்டருக்குள் போய் ஃபைலை எடுத்துவிட்டுக் காலிக்கூடுகளை விட்டுவிட்டு வரும். ஃபோல்டர் போக வேண்டும் என்றால் ஆர்டி /எஸ் /க்யூ.

ஆர்டி போட்டும் ‘டைரக்டரி இஸ் நாட் எம்ப்டி’ என்று சொன்னால், அந்த ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் யாரோ திறந்து வைத்திருக்கலாம், அல்லது ஆன்டிவைரஸோ சர்ச் இண்டெக்ஸரோ அந்த நொடியில் உள்ளே ஒரு ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். டைம்அவுட் போட்டுச் சில நொடி விட்டு அதே வரியை இன்னொரு தரம் எழுதுங்கள். அசிங்கமான வைத்தியம்தான், ஆனால் வேலை செய்யும். ஸ்கிரிப்டே அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருந்தாலும் அழிக்க முடியாது, முதலில் வெளியே வர வேண்டும்.

பிரின்டர் ஸ்கேன் அனுப்புகிற ஷேர் ஃபோல்டராக இருந்தால் ஆர்டி போட்டுவிட்டு எம்டி போட்டுப் புதிதாக உருவாக்காதீர்கள். ஃபோல்டருக்குக் கொடுத்திருந்த பெர்மிஷன் எல்லாம் அதோடு போய்விடும், மறுநாள் காலை ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று வேறொரு பஞ்சாயத்து தொடங்கும். உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்ய, டெல் ஒரு வரி, ஃபார் /டி போட்டு ஒவ்வொரு சப்ஃபோல்டருக்கும் ஆர்டி ஒரு வரி, போதும்.

ஃபைல் கண் முன்னால் இருக்கிறது, ‘குட் நாட் ஃபைண்ட்’ என்கிறது

முதலில் அட்ரிப் போட்டுப் பாருங்கள். ஹெச் (மறைந்தது) அல்லது எஸ் (சிஸ்டம் ஃபைல்) என்று காட்டினால் டெல் அதைக் கண்டுகொள்ளாது, /ஏ சேர்க்க வேண்டும். ரீட் ஒன்லி என்றால் /எஃப். கண்ட கணினியில் சொருகிய பென்டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் வந்து எல்லா ஃபோல்டரையும் மறைத்துவைத்திருக்கும்போது இது அடிக்கடி வரும். அங்கே அழிப்பதற்கு முன்னால் அட்ரிப் -ஹெச் -எஸ் -ஆர் /எஸ் /டி கொடுத்து எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து பார்ப்பது நல்லது, வாடிக்கையாளரின் கல்யாண போட்டோவெல்லாம் அந்த மறைந்த ஃபோல்டரில்தான் இருக்கும்.

நம்மவர்களுக்கென்றே வரும் சிக்கல் தமிழ்ப் பெயர். ‘பட்டா நகல்’ என்று தமிழிலேயே ஃபோல்டர் பெயர் இருந்து, அதை பேட்ச் ஃபைலுக்குள் எழுதினால், நோட்பேட் யுடிஎஃப்-8-இல் சேமிக்கும், சிஎம்டி பழைய கோட்பேஜில் (எழுத்து அட்டவணையில்) படிக்கும், பெயர் குப்பையாகிவிடும். டெல் வரிக்கு மேலே சிஹெச்சிபி 65001 என்று ஒரு வரி சேருங்கள். கறுப்பு விண்டோவில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், அது ஃபான்ட் பிரச்சினை, கட்டளை சரியாகவே போகும்.

பெயரில் % இருந்தால், உதாரணமாக ‘18% ஜிஎஸ்டி பில்’, பேட்ச் ஃபைலுக்குள் %% என்று இரட்டிக்க வேண்டும். இன்னொரு சந்தேகம், டெஸ்க்டாப்பே அந்த இடத்தில் இல்லாமல் இருப்பது. ஒன்டிரைவ் பேக்கப் ஆன் செய்த கணினியில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் எல்லாம் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்ந்திருக்கும், %யூசர்ப்ரொஃபைல்%\டெஸ்க்டாப் என்ற பழைய பாதையில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

‘ஆக்ஸஸ் இஸ் டினைட்’, ‘யூஸ்டு பை அனதர் பிராசஸ்’

இரண்டும் வேறு வேறு நோய். இரண்டாவது என்றால் யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். ரெஸ்மான் என்று தட்டி ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு டேபில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற தேடல் கட்டத்தில் ஃபைல் பெயரைக் கொடுத்தால் எந்த புரோகிராம் என்று சொல்லிவிடும். ஆபீஸ் சர்வரில் என்றால் கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் ஓபன் ஃபைல்ஸ். எந்த சீட்டில் யார் எக்ஸெல்லைத் திறந்து வைத்துவிட்டு டீக்கு போயிருக்கிறார் என்று அங்கே தெரியும்.

‘ஆக்ஸஸ் இஸ் டினைட்’ என்றால் பெர்மிஷன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய ஹார்ட் டிஸ்க், அல்லது செத்துப்போன கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டர்களின் ஓனர் அந்தப் பழைய கணினியின் யூசர், இந்தக் கணினிக்கு அவர் யாரென்றே தெரியாது. அட்மினாக டேக்ஓன் /எஃப் /ஆர் போட்டு உரிமையை எடுத்துக்கொண்டு, ஐகாக்ல்ஸ் /கிராண்ட் மூலம் அனுமதி கொடுத்து அப்புறம் அழியுங்கள். இதை உங்கள் பழைய டேட்டாவுக்கு மட்டும் செய்யுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஏதோ ஒன்று டினைட் என்றால் அது மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

கையால் ஓட்டினால் சரி, ஷெட்யூலரில் ஓடவில்லை

மேப் செய்த டிரைவ்தான் (சர்வர் ஃபோல்டருக்கு இசட் மாதிரி ஒரு எழுத்துக் கொடுத்தது) வழக்கமான குற்றவாளி. நீங்கள் லாகின் செய்த செஷனில் இசட் டிரைவ் இருக்கும், டாஸ்க் வேறு செஷனில் ஓடும்போது அந்த எழுத்தே இருக்காது, அட்மினாக உயர்த்தி ஓட்டும்போதும் அப்படித்தான். சர்வர் பெயரோடு முழு யுஎன்சி பாதையை எழுதுங்கள். சிஸ்டம் அக்கவுண்டில் ஓட்டினால் அந்த ஷேருக்கு அனுமதியும் இருக்காது.

லேப்டாப் என்றால் கண்டிஷன்ஸ் டேபைப் பாருங்கள், ஏசி பவரில் இருந்தால் மட்டும் தொடங்கு என்பது தானாகவே டிக் ஆகியிருக்கும், கரண்ட் போன நேரத்தில் டாஸ்க் சும்மா இருந்துவிடும். கடையில் ராத்திரி மெயினையே அணைத்துவிட்டுப் போவார்கள், பத்தரைக்கு வைத்த டாஸ்க் எப்படி ஓடும்? செட்டிங்ஸ் டேபில், தவறவிட்ட டாஸ்க்கை முடிந்தவுடன் ஓட்டு என்ற டிக்கைப் போட்டுவிட்டால் காலையில் கணினி போட்ட பிறகு ஓடும். ஃபார்ஃபைல்ஸ் உள்ள டாஸ்க் மட்டும் தினமும் 1 என்ற ரிசல்ட்டோடு முடிந்தால் பதறாதீர்கள், அழிக்க ஒரு ஃபைலும் இல்லை என்றாலும் அது அப்படித்தான் சொல்லும்.

சொன்னதற்கு மேல் அழிக்கிறது

*.எக்ஸ்எல்எஸ் அழி என்றால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல்களும் போயிருக்கும். காரணம், டெல் நீளப் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, டாஸ் காலத்து 8.3 குட்டிப் பெயரையும் பார்க்கும், அந்தக் குட்டிப் பெயரில் எக்ஸ்டென்ஷன் மூன்றே எழுத்து. டிஐஆர் /எக்ஸ் போட்டால் அந்தப் பெயர் தெரியும். சில டிரைவில் இந்த வசதி அணைந்திருக்கும், அதனால் ஒரு கணினியில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் இன்னொன்றில் அள்ளிக்கொண்டு போகும். ஃபார் சுற்றுக்குள் எக்ஸ்டென்ஷனைச் சரியாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அழிப்பதுதான் பத்திரம்.

ஃபார்ஃபைல்ஸ் /டி -30 என்றால் ஃபைல் நம்மிடம் வந்து 30 நாள் ஆனதா என்று பார்க்காது, கடைசியாக மாற்றிய தேதியைப் பார்க்கும். இன்று காலை வாடிக்கையாளர் பென்டிரைவில் கொண்டுவந்து காப்பி செய்த ஃபைல் 2019-இல் கடைசியாகத் திருத்தியது என்றால் இன்று ராத்திரியே போய்விடும். அதே கட்டளையில் "டி:\பேக்கப்\" என்று மேற்கோளுக்கு முன்னால் \ வைத்தால் பிழை வரும், கடைசி \ வேண்டாம். நெட்டில் கிடைக்கும் ஸ்கிரிப்டில் %டேட்%-ஐத் துண்டு போட்டு நாள், மாதம் எடுப்பார்கள், அது அமெரிக்கத் தேதி வடிவத்துக்கு எழுதியது, நம் கணினியில் நாள் முன்னால் வரும், மாதம் பின்னால் வரும். அந்த வரிகளைத் தூக்கிவிட்டு பவர்ஷெல்லிடம் தேதியைக் கேளுங்கள்.

பாதை ரொம்ப நீளம்

ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் 260 எழுத்தைத் தாண்டினால் ஆர்டி திணறும். காலியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ரோபோகாப்பி-யில் அதை சோர்ஸாகவும் அழிக்க வேண்டியதை டெஸ்டினேஷனாகவும் கொடுத்து /எம்ஐஆர் (சோர்ஸ் போலவே ஆக்கு) போட்டால் காலி ஆகிவிடும். எது முன்னால் எது பின்னால் என்பதை இருமுறை பாருங்கள், முதலில் /எல் சேர்த்து ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும்.

அழிந்தே போய்விட்டது என்றால்

டெல், ஆர்டி அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கு வராது, அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒன்டிரைவ் ஃபோல்டராக இருந்தால் அதன் வெப்சைட்டில் தனி ரீசைக்கிள் பின் உண்டு, பர்சனல் அக்கவுண்டில் 30 நாள் வரை இருக்கும். இல்லையென்றால் அந்த ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையா, உடனே அந்த டிரைவில் எழுதுவதை நிறுத்துங்கள், பிரவுசர்கூடத் திறக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபைல் ரிகவரி விண்டோஸ் 10-இன் 2004 வெர்ஷன் முதல் இலவசமாகக் கிடைக்கிறது, மீட்ட ஃபைலை அதே டிரைவில் வைக்க அது விடாது, அதனால் இன்னொரு டிரைவோ பெரிய பென்டிரைவோ கையில் இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓரளவு கிடைக்கும். எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை ட்ரிம் என்ற வசதி துடைத்துவிடும், அங்கே முந்தைய நாள் பேக்கப்பைத் தேடுவதுதான் வேகமான வழி.